டாக்ட்ரின்: அமெரிக்கப் போர்களுக்குப் பின்னால் இருக்கும் வாக்கியங்கள்

நியூஸ் சேனல் விவாதங்கள்ல அடிக்கடி வர்ற ஒரு வார்த்தை 'டாக்ட்ரின்'. மன்ரோ டாக்ட்ரின், ட்ரூமன் டாக்ட்ரின், புஷ் டாக்ட்ரின். கேட்டால் ஏதோ சட்டப் புத்தகத்தில் பிரிவு எண்ணோடு அச்சடித்து வைத்திருப்பது போலத் தோன்றும். அப்படி ஒன்றும் கிடையாது. பெரும்பாலும் அது ஓர் அதிபர் பேசிய பேச்சில் ரெண்டு மூணு வரி. சில சமயம் ஓர் அதிகாரி அனுப்பிய தந்தி. ஒரு முறை, பத்திரிகையாளர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில். அந்த வரிகளைக் காரணம் காட்டி லட்சக்கணக்கான பேர் செத்த போர்கள் நடந்திருக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துடுவோம். அமெரிக்க அரசியல் சாசனத்தின்படி போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது (காங்கிரஸ்னா அவங்க ஊர் பாராளுமன்றம், நம்ம ஊர் கட்சி இல்ல). அதிபர் படைகளின் தலைமைத் தளபதி. முடிவு அங்கே, நடத்துவது இங்கே. சாசனத்தை எழுதியவர்கள் வேண்டுமென்றேதான் இப்படிப் பிரித்து வைத்தார்கள், ஒரு தனி மனுஷன் நினைத்தவுடன் போருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

இப்போ ஒரு கேள்வி. அமெரிக்கக் காங்கிரஸ் முறைப்படி கடைசியாகப் போர் அறிவித்தது எப்போது? 1942 ஜூன். பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மேல். அதற்கப்புறம் கொரியா, வியட்நாம், ஆப்கானிஸ்தான், ஈராக் எதற்குமே போர் அறிவிப்பு கிடையாது. அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் தீர்மானங்களும் டாக்ட்ரின்களும் வந்து உட்கார்ந்தன.

செகண்ட் இயர்ல பெர்னூலி சமன்பாடு படிச்சது ஞாபகம் இருக்கும். புத்தகத்தில் சமன்பாட்டுக்கு மேலே நாலு நிபந்தனை போட்டிருப்பார்கள். பாய்மத்தின் அடர்த்தி மாறக் கூடாது, பாகுநிலை இருக்கக் கூடாது, ஓட்டம் சீராக இருக்க வேண்டும், ஒரே ஓட்டக்கோட்டில் போக வேண்டும். பரீட்சைக்கு நாம் சமன்பாட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிவிட்டு நிபந்தனைகளை விட்டுவிடுவோம். டாக்ட்ரின்களுக்கும் இதேதான் நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட ஊருக்காகச் சொன்ன பதில் அது. நிபந்தனைகள் உதிர்ந்துபோய் வாக்கியம் மட்டும் மிஞ்சுகிறது.

வராதே என்பது வருவேன் ஆனது

1823 டிசம்பர் 2. அதிபர் ஜேம்ஸ் மன்ரோ காங்கிரஸுக்கு அனுப்பிய வருடாந்திர அறிக்கை. தென் அமெரிக்காவில் ஸ்பெயினின் காலனிகள் ஒவ்வொன்றாக விடுதலை ஆகிக்கொண்டிருந்த நேரம். ஐரோப்பிய மன்னர்கள் கூட்டுச் சேர்ந்து அவற்றைத் திரும்பப் பிடித்துக்கொடுத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். வடமேற்குப் பசிபிக் கரையில் ரஷ்யா உரிமை கோரியது இன்னொரு தலைவலி. அறிக்கையில் மன்ரோ சொன்னது இவ்வளவுதான்: இந்த அரைக்கோளத்தில் ஐரோப்பா இனிமேல் புதுசாகக் காலனி பிடிக்கக் கூடாது, உங்கள் சண்டைகளில் நாங்களும் தலையிட மாட்டோம். இதன் பின்னால் இருந்த மூளை வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ். ரெண்டு பேரும் சேர்ந்து அறிக்கை விடலாம் என்று பிரிட்டன் கூப்பிட்டபோது, வேண்டாம், தனியாகவே சொல்வோம் என்று நின்றவர் அவர்.

தனியாகச் சொன்னார்களே தவிர அமல்படுத்தக் கப்பல் இல்லை. தன் வியாபாரத்துக்காக அந்தக் கடலைக் காத்து நின்றது பிரிட்டிஷ் கடற்படைதான். 1833ல் அதே பிரிட்டன் ஃபாக்லாண்ட் தீவுகளை எடுத்துக்கொண்டபோது வாஷிங்டன் சும்மா இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், 1823ல் அது பலம் இல்லாத ஒரு நாடு தன் வாசலில் மாட்டிய போர்டு.

1902 டிசம்பரில் வெனிசுலா கடனைக் கட்டவில்லை என்று பிரிட்டன், ஜெர்மனி, இத்தாலி மூன்றும் போர்க்கப்பல்களோடு வந்து துறைமுகங்களை முற்றுகையிட்டன. இதைப் பார்த்த அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் 1904ல் மன்ரோ சொன்னதற்கு ஒரு துணைவிதி சேர்த்தார். அவர் லாஜிக் இது: கடன் வசூலிக்க ஐரோப்பா வரக் கூடாது, ஆனால் அக்கம்பக்கத்து நாடுகள் ஒழுங்காக நடக்காவிட்டால் யாராவது கேட்கத்தானே வேண்டும், அந்தப் போலீஸ் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

அங்கேயே அம்புக்குறி திரும்பிவிட்டது. நிகராகுவாவில் 1912 முதல் 1933 வரை, இடையில் ஒரு சின்ன இடைவெளி தவிர, அமெரிக்க மரைன் படை இருந்தது. ஹைட்டியில் 1915 முதல் 1934 வரை. டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் 1924 வரை. ஹைட்டிக்குப் படை போவதற்கு முன்பே, 1914 டிசம்பரில், மரைன் வீரர்கள் அந்நாட்டு வங்கியில் இருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். கடன் வசூலிக்க ஐரோப்பா வரக் கூடாது என்று சொன்ன டாக்ட்ரினின் பேரில்! இந்தப் படையெடுப்புகளில் பங்கெடுத்து, நாட்டின் உச்ச வீர விருதை ரெண்டு முறை வாங்கிய மரைன் ஜெனரல் ஸ்மெட்லி பட்லர், ஓய்வுக்கு அப்புறம் 1935ல் போர் என்பது ஒரு மோசடித் தொழில் என்று புத்தகமே எழுதினார். யாரோ எதிர்க்கட்சிக்காரர் எழுதியது இல்லை, களத்தில் நின்றவர் எழுதியது.

இது பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். 2025 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு உத்தி ஆவணத்தில் மன்ரோ டாக்ட்ரினுக்கு 'ட்ரம்ப் துணைவிதி' என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். 200 வருஷம் தாண்டியும் அந்த வாக்கியம் ரன் ஆகிக்கொண்டிருக்கிறது.

கென்னன் எழுதியதும் மற்றவர்கள் படித்ததும்

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஜார்ஜ் கென்னன். 1946 பிப்ரவரியில் மாஸ்கோ தூதரகத்தில் அதிகாரி. உலக வங்கியிலும் ஐ.எம்.எஃப்.பிலும் சேர சோவியத் ஏன் தயங்குகிறது என்று வாஷிங்டனில் இருந்து கேட்டிருந்தார்கள். காய்ச்சலும் பல்வலியுமாகப் படுத்திருந்த மனுஷன், கேட்டீங்கல்ல, இந்தாங்க என்று பக்கம் பக்கமாக ஒரு தந்தி அடித்தார். சரித்திரத்தில் அதற்குப் பெயரே 'நீண்ட தந்தி'. அடுத்த வருஷம் அதே கருத்தை 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழில் 'எக்ஸ்' என்ற புனைபெயரில் கட்டுரையாக எழுதினார். சோவியத்தோடு போரும் வேண்டாம், சரணடையவும் வேண்டாம், அது விரியும் இடத்தில் பொறுமையாகத் தடுத்து நின்றால் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே அது மாறும் அல்லது உடையும் என்பது வாதம். 'கண்டெயின்மென்ட்', அதாவது அணை கட்டித் தடுத்து வைப்பது.

கென்னன் மனதில் இருந்த கணக்கு ரொம்பக் குறுகியது. நவீனப் போர் நடத்தும் தொழில் பலம் உலகில் ஐந்தே இடத்தில் இருக்கிறது: அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியின் ரைன் பகுதி, ஜப்பான், சோவியத். ஐந்தில் ஒன்று மட்டும் சோவியத் கையில் இருக்கிறது, மற்ற நான்கு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் அவர். வழியும் முக்கியமாக அரசியலும் பொருளாதாரமும்தான், டாங்கி இல்லை. இந்த லிஸ்ட்ல வியட்நாம் இல்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்ட் எப்படி விரிந்தது? 1947 பிப்ரவரியில் பிரிட்டன் கையை விரித்தது. போரில் காலியாகிப்போன கஜானா, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது என்று வாஷிங்டனுக்குச் சொல்லிவிட்டது. கிரீஸில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு உள்நாட்டுப் போர். அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு 40 கோடி டாலர் வேண்டும். செலவைக் குறைக்க நினைக்கும் காங்கிரஸிடம் கேட்க வேண்டும். கிரீஸுக்குக் காசு கொடுங்கள் என்று மட்டும் கேட்டால் கிடைக்காது. அதனால் மார்ச் 12 அன்று பேச்சைப் பெரிதாக்கினார். உலகில் ஆயுதச் சிறுபான்மையினரையும் வெளி அழுத்தத்தையும் எதிர்த்து நிற்கும் சுதந்திர மக்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு அமெரிக்கா துணை நிற்கும் என்றார். ரெண்டு நாட்டுக்கு ஃபண்ட் கேட்கும் மனு, உலகம் முழுவதற்கும் வாக்குறுதி ஆகிவிட்டது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ப்ரொபோசல் எழுதினவங்களுக்கு இந்த டெக்னிக் நல்லாவே தெரியும். ஒரு தெருவிளக்கு சென்சார் செய்வோம், அறிமுகப் பகுதியில் நாட்டின் மின்சாரப் பிரச்சினையையே தீர்ப்பதாக எழுதுவோம். வித்தியாசம் என்னவென்றால் நம்ம ப்ரொபோசலை வைவாவுக்கு அப்புறம் யாரும் படிக்க மாட்டார்கள்.

கென்னன் அந்தப் பேச்சின் வரைவைப் பார்த்தபோதே ஆட்சேபித்தார். கேட்கவில்லை. 1950ல் பால் நிட்ஸே தலைமையில் தயாரான என்.எஸ்.சி.-68 என்ற ரகசிய ஆவணம் கண்டெயின்மென்டை முழுக்க ராணுவக் கணக்காக மாற்றியது. அந்த ஜூன் மாதமே கொரியப் போர் தொடங்க, ராணுவச் செலவு சில ஆண்டுகளில் மூன்று மடங்குக்கும் மேல் போனது. 1966ல் செனட் வெளியுறவுக் குழு முன் உட்கார்ந்து வியட்நாம் போர் தவறு என்று சாட்சி சொன்னவர் இதே கென்னன். 2002ல் 98 வயதில் ஈராக் போரையும் எதிர்த்துப் பேசினார். தன் யோசனையைத் திரும்ப வாங்க அவரால் கடைசி வரை முடியவில்லை.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஐரோப்பாவில் அந்த யோசனை ஓரளவு அவர் நினைத்தபடியே வேலை செய்தது. மார்ஷல் திட்டப் பணம் போனது, சோவியத் பெர்லினை அடைத்தபோது 1948-49ல் விமானத்திலேயே உணவும் நிலக்கரியும் இறக்கினார்கள், அங்கே போர் வரவில்லை. 1991ல் சோவியத் உள்ளிருந்தே உடைந்தது. நிபந்தனைகள் பொருந்திய இடத்தில் சமன்பாடு சரியாகத்தான் வந்தது.

டோமினோ

1954 ஏப்ரல் 7. வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டையில் பிரெஞ்சுப் படை மாட்டிக்கொண்டிருந்த நேரம். பத்திரிகையாளர் கூட்டத்தில் இந்தோசீனா ஏன் முக்கியம் என்று ஒருவர் கேட்க, அதிபர் ஐசனோவர் வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளை உவமையாகச் சொன்னார். முதல் கட்டையைத் தட்டினால் கடைசிக் கட்டை வரை விழும். அவ்வளவுதான், 'டோமினோ கோட்பாடு' பிறந்துவிட்டது. அதற்கு எந்த ஆதாரமும் காட்ட வேண்டியதில்லை, கண் முன்னால் படம் ஓடிவிடுகிறதே.

டோமினோ விழ வேண்டுமென்றால் எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடும் தூரத்தில் நிற்க வேண்டும், தானாக நிமிரும் சக்தி எதற்கும் இருக்கக் கூடாது. நாடுகள் அப்படியா? 1948லேயே யூகோஸ்லாவியாவின் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். கம்யூனிஸ்ட்கள் எல்லாம் ஒரே கட்டை இல்லை என்பதற்கு ஆதாரம் ஐசனோவர் பேசுவதற்கு 6 வருஷம் முன்பே மேஜை மேல் இருந்தது. ஹோ சி மின் 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயில் சுதந்திரப் பிரகடனம் வாசித்தபோது அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் வாசகத்தோடுதான் ஆரம்பித்தார். ட்ரூமனுக்குக் கடிதங்கள் எழுதினார். பதில் வரவில்லை.

1964 ஆகஸ்டுக்கு வருவோம், ஈ.சி.இ. நண்பர்கள் கவனிக்க. டோங்கின் வளைகுடாவில் ஆகஸ்ட் 2 அன்று 'மேடாக்ஸ்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. இது நடந்தது. ஆகஸ்ட் 4 இரவு மோசமான வானிலையில் ரேடாரிலும் சோனாரிலும் என்னென்னவோ தெரிய, ரெண்டாவது தாக்குதல் என்று செய்தி போனது. சில மணி நேரத்திலேயே அங்கிருந்த கமாண்டர், வானிலைக் கோளாறும் ஆர்வக் கோளாறு பிடித்த சோனார்காரரும் காரணமாக இருக்கலாம், முழுசாகச் சரிபார்த்துவிட்டு நடவடிக்கை எடுங்கள் என்று தகவல் அனுப்பினார். சரிபார்க்கவில்லை. அன்றே பதிலடி, ஆகஸ்ட் 7ல் தீர்மானம். பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. எதிர்த்த இருவர் வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் க்ருனிங். ரெண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவுத்துறையின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதிய ஆய்வு 2005ல் வெளியே வந்தது. சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் வித்தியாசம் பார்க்காத ஒரு இரவு, அதன் மேல் 8 வருஷப் போர்.

அந்தப் போரை நடத்திய பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மெக்னமாரா நம்ம ஆளு மாதிரிதான். ஃபோர்டு கம்பெனியின் தலைவராக இருந்தவர், எண்களின் காதலர். போர் எப்படிப் போகிறது என்று அளக்க ஒரு அளவுகோல் வேண்டும். முன்வரிசை என்று ஒன்றே இல்லாத போரில் நிலத்தை வைத்து அளக்க முடியாது. அதனால் எதிரிப் பிணங்களை எண்ணினார்கள். பிணக் கணக்கில்தான் பெயர் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு களத்தில் இருந்து வரும் கணக்கு ஊதிப்போனது. செத்தவர் விவசாயியா கெரில்லாவா என்று பார்க்கும் பொறுமையும் போனது. அட்டெண்டன்ஸ் சதவீதத்தை வைத்துப் படிப்பை அளப்பது போல என்று எழுத ஆசைதான், ஆனால் இங்கே எண்ணியது மனித உடல்களை.

அவருடைய துணைச் செயலர் ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். அமெரிக்காவின் நோக்கங்களைச் சதவீதமாகப் பிரித்திருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70. தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது 20. அந்த மக்கள் சுதந்திரமாக நல்லபடி வாழ்வது 10. பேச்சில் 100 சதவீதமும் மக்கள் சுதந்திரம்தான். இந்தக் குறிப்பு வெளியே தெரிந்தது டேனியல் எல்ஸ்பெர்க் 1971ல் 'பென்டகன் பேப்பர்ஸ்' ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததால். நான் படித்த எல்லா டாக்ட்ரின்களையும் விட இந்த மூன்று எண்கள்தான் எனக்கு அதிகம் புரியவைத்தன.

1975ல் சைகோன் விழுந்தது. லாவோஸும் கம்போடியாவும் விழுந்தன, இதை மறைக்க வேண்டாம். தாய்லாந்து விழவில்லை, மலேசியா விழவில்லை. விழுந்த கட்டைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. 1978 கடைசியில் கம்யூனிஸ்ட் வியட்நாம் கம்யூனிஸ்ட் கம்போடியாவுக்குள் நுழைந்தது. 1979 பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் சீனா வியட்நாமைத் தாக்கியது. அமெரிக்கர்கள் 58,000க்கும் மேல் இறந்திருந்தார்கள். தங்கள் பக்கக் கணக்காக வியட்நாம் அரசு 1995ல் சொன்னது சுமார் 30 லட்சம். அதே 1995ல் மெக்னமாரா தன் நினைவுக் குறிப்பில் தாங்கள் தவறு செய்ததாக எழுதினார், ஹனோய்க்கும் போனார். 'தி ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படத்தில் அவரே சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. வியட்நாமின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் அவரிடம், நீங்கள் வரலாற்றுப் புத்தகமே படித்ததில்லையா, சீனாவோடு ஆயிரம் வருஷம் சண்டை போட்டவர்கள் நாங்கள், அவர்கள் கைப்பாவையாக இருப்போமா என்று கேட்டாராம்.

வியட்நாமுக்குப் பின் வந்த டாக்ட்ரின்களில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுத் தாண்டுகிறேன். 1969ல் குவாம் தீவில் நிக்ஸன் சொன்னது: ஆயுதமும் பணமும் நாங்கள் தருகிறோம், ஆட்களை நீங்கள் இறக்குங்கள். இதன் பெரிய வாடிக்கையாளர் ஈரானின் ஷா. 1979ல் அவரே நாட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. இதே நிக்ஸன்தான் 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, 'என்டர்பிரைஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியவர். வீட்டில் 70 வயது தாண்டிய தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தக் கப்பல் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு.

முதலில் அடிக்கலாமா?

1837 டிசம்பர். கனடாவில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கலகம். கலகக்காரர்களுக்கு நயாகரா ஆற்றில் 'கரோலின்' என்ற அமெரிக்க நீராவிக் கப்பல் சாமான் கொண்டுபோய்க் கொடுத்தது. பிரிட்டிஷ் படை ராத்திரியில் ஆற்றைக் கடந்து வந்து, அமெரிக்கக் கரையில் நின்ற கப்பலுக்குத் தீ வைத்து ஆற்றோடு விட்டது. ஓர் அமெரிக்கர் இறந்தார். தற்காப்புக்காகச் செய்தோம் என்றது பிரிட்டன். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் 1841ல் பதில் எழுதினார். முதலில் அடித்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல வேண்டுமானால் ஆபத்து அந்தக் கணமே தலைமேல் வந்திருக்க வேண்டும், வேறு வழியே இருக்கக் கூடாது, யோசிக்கக்கூட நேரம் இருக்கக் கூடாது என்றார். சர்வதேசச் சட்ட வகுப்புகளில் இன்றும் இதுதான் 'கரோலின் சோதனை'. எழுதிக் கொடுத்தது அமெரிக்கா, அடிபட்ட நாடாக இருந்தபோது.

1962ல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்தன. ஃப்ளோரிடாவில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம், நிஜமான அணு ஆயுதம். உடனே குண்டு போடுங்கள் என்றார்கள் தளபதிகள். பேர்ல் ஹார்பரில் ஜப்பான் செய்ததை நாமும் செய்வதா என்று கேட்டார் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி. கடல்வழியை மறித்தார்கள், பேசினார்கள், ஏவுகணைகள் திரும்பிப் போயின.

2002 செப்டம்பரில் வந்த தேசியப் பாதுகாப்பு உத்தியில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அரசு அந்தச் சோதனையைத் தளர்த்தியது. பயங்கரவாதமும் பேரழிவு ஆயுதமும் சேர்ந்த காலத்தில் ஆபத்து எப்போது, எங்கே வரும் என்று தெரியாவிட்டாலும் முன்கூட்டியே அடிக்கலாம் என்றது. வந்துகொண்டிருக்கும் அடியைத் தடுப்பது வேறு, என்றைக்கோ வரலாம் என்பதற்காக இன்றைக்கே அடிப்பது வேறு. ஒரே சொல்லுக்குள் ரெண்டையும் போட்டுவிட்டார்கள். துணை அதிபர் டிக் செய்னியின் மனநிலையைப் பத்திரிகையாளர் ரான் சஸ்கிண்ட் 2006ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒரு சதவீத வாய்ப்பு இருந்தாலும் அதை நிச்சயம் என்றே வைத்துச் செயல்பட வேண்டும் என்பது அதில் வரும் செய்னி கணக்கு. ப்ராபபிலிட்டி படித்த யாரும் போட்டுப் பார்க்கலாம். நிஜமாகவே ஒரு சதவீதம்தான் என்றால், அலாரம் அடிக்கும் 100 தடவையில் 99 தடவை ஒன்றும் இருக்காது. அந்த 99லும் குண்டு விழும்.

எதிர்த்திசையிலும் ஒரு டாக்ட்ரின் இருந்ததுதான் இதில் சோகம். 1983ல் பெய்ரூட்டில் 241 அமெரிக்கப் படையினர் ஒரே குண்டுவெடிப்பில் இறந்த பிறகு, பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வெய்ன்பெர்கர் போருக்குப் போகும் முன் கேட்க வேண்டிய ஆறு கேள்விகளை 1984ல் வைத்தார். நோக்கம் தெளிவாக இருக்கிறதா, மக்கள் ஆதரவு இருக்கிறதா, வேறு வழியே இல்லையா என்ற மாதிரி. அப்போது அவரிடம் ராணுவ உதவியாளராக இருந்து, பின்னாளில் அதைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் காலின் பவல். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா.வில் ஒரு சின்னக் குப்பியைக் கையில் பிடித்து ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிப் பேசியவரும் அதே பவல்தான். ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சு தன் பெயரில் ஒரு கறை என்று 2005ல் அவரே சொன்னார். 2011க்குள் ஈராக்கில் வன்முறையில் இறந்த பொதுமக்கள், பதிவானவர்கள் மட்டும், ஒரு லட்சத்துக்கும் மேல். அமெரிக்கப் படையினர் சுமார் 4,500.

அறுபது வார்த்தை

வியட்நாமுக்குப் பிறகு காங்கிரஸ் விழித்துக்கொண்டு 1973ல் ஒரு சட்டம் போட்டது. நிக்ஸனின் வீட்டோவையும் மீறி நிறைவேறியது. அனுமதி இல்லாமல் படை இறக்கினால் 60 நாளில் நிறுத்த வேண்டும். 2011ல் லிபியாவில் அந்த 60 நாள் முடிந்தபோது ஒபாமா அரசு சொன்ன விளக்கம்: தரையில் நம் படை இல்லை, எதிரி திருப்பி அடிக்கும் நிலையிலும் இல்லை, ஆகவே இது சட்டம் சொல்லும் 'சண்டை' ஆகாது. குண்டு விழுந்தவனிடம் கேட்டால் வேறு பதில் சொல்லியிருப்பான்.

எல்லாவற்றையும் விடப் பெரியது 2001 செப்டம்பர் 14ல் நிறைவேறிய தீர்மானம். இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றே நாள். அதன் மையப் பகுதி ஆங்கிலத்தில் 60 வார்த்தை. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட, நடத்திய, உதவிய, அவர்களுக்கு இடம் கொடுத்த நாடுகள், அமைப்புகள், ஆட்கள் மேல் தேவையான பலத்தை அதிபர் பயன்படுத்தலாம். யார் அந்த ஆட்கள் என்று தீர்மானிப்பதும் அதிபரே. எந்த நாட்டில் என்று இல்லை. எதுவரை என்று இல்லை. செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1.

அந்த ஒன்று கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. தாக்கியவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் நிதானிப்போம், முடிவே இல்லாத போருக்கு வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள் என்றார். கொலை மிரட்டல்கள் வந்து போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியிருந்தது அவருக்கு.

அடுத்து என்ன ஆனது என்று பாருங்கள். அந்த 60 வார்த்தையில் இல்லாத 'கூட்டாளிப் படைகள்' என்ற சொல்லை அரசு வக்கீல்கள் சேர்த்துப் படித்தார்கள். அதை வைத்து ஏமனில், சோமாலியாவில் தாக்குதல். 2014ல் ஐ.எஸ். அமைப்பின் மேல் போர் தொடங்கவும் அதே 2001 தீர்மானத்தைத்தான் காட்டினார்கள். அப்போது ஐ.எஸ்.ஸும் அல் கொய்தாவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. புஷ், ஒபாமா, ட்ரம்ப், பைடன் நாலு பேரும் அதைப் பயன்படுத்தினார்கள். கட்சி வித்தியாசம் இதில் இல்லை. அதை நீக்கச் சொல்லி லீ வருஷா வருஷம் முயன்று பார்த்தார், அவர் 2025 ஜனவரியில் சபையை விட்டுப் போகும்போதும் அது நீங்கவில்லை.

2021 ஆகஸ்ட் 26, காபூல் விமான நிலைய வாசல். கடைசிப் படைகள் வெளியேறிக்கொண்டிருந்தபோது தற்கொலைக் குண்டு வெடித்தது. சுமார் 170 ஆப்கானியர்களும் 13 அமெரிக்கப் படையினரும் இறந்தார்கள். அந்த 13 பேரில் ஐந்து பேருக்கு வயது 20. 420க்கு 1 என்று ஓட்டுப் போட்டபோது அவர்கள் கைக்குழந்தைகள்.